முத்து உள்ளவரை தன்னாட்சி

தூத்துக்குடிக் கரை பதினாறாம் நூற்றாண்டிலிருந்து பார்த்த எசமானர்களின் பட்டியல் நீளமானது. மதுரை நாயக்கர், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆற்காட்டு நவாப், கடைசியில் ஆங்கிலேயக் கம்பெனி. இந்தக் கரையின் பரதவர்கள் 1530களில் கத்தோலிக்கத்தைத் தழுவினார்கள். 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்த பிறகு, அவர்களை ஆண்ட எவரும் கத்தோலிக்கர் இல்லை. நாயக்கர் இந்து, நவாப் முஸ்லிம், டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் ரோமாபுரியோடு உறவை முறித்துக்கொண்ட சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள். இத்தனை கை மாறியும் கரையில் ஒரு பதவி மட்டும் அசையாமல் நின்றது. அதுதான் ஜாதித் தலைவர் பதவி. பாண்டியபதி என்றும் அவரைச் சொல்வார்கள். வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு ஆகிய ஏழு கடல்துறைகளுக்கும் அவரே தலைவர். ஒவ்வொரு துறையிலும் பட்டங்கட்டிகள் எனப்பட்ட ஊர்த் தலைவர்கள் இருந்தார்கள். வழக்குத் தீர்ப்பது, அரசுக்குப் பணம் திரட்டுவது, சலாபம் எனப்பட்ட முத்துக்குளிப்புக்கு ஆள் சேர்ப்பது, திருவிழா எடுப்பது எல்லாம் அவர்கள் கையில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்த அமைப்பு ஏதோ ஒரு வடிவில் உயிரோடு இருந்தது.

சிறுபான்மைச் சமூகங்கள் தங்களைத் தாங்களே ஆண்டுகொண்ட வரலாற்றைப் பேசும்போது உலகம் முதலில் சுட்டிக்காட்டுவது உஸ்மானியப் பேரரசை. 1453இல் கான்ஸ்டான்டினோபிளைப் பிடித்த சுல்தான் இரண்டாம் மெஹ்மெத், அடுத்த ஆண்டே ஜென்னாடியோஸ் என்ற துறவியைக் கிரேக்கக் கிறிஸ்தவர்களின் தலைமைக் குருவாக அமர்த்தினார். திருமணம், மணமுறிவு, வாரிசுரிமை போன்றவற்றைத் திருச்சபையின் மன்றமே தீர்க்கலாம், வரி ஒழுங்காக வந்து சேர வேண்டும், கலகம் கூடாது. ஆர்மேனியர்களுக்கும் யூதர்களுக்கும் இதே மாதிரி ஏற்பாடுகள் உருவாயின. பிற்காலத்தில் இதற்கு ‘மில்லத் முறை’ என்று பெயர் வந்தது. மெஹ்மெத் காலத்திலேயே முழுதாகத் தீட்டப்பட்ட திட்டம்போல இதைச் சொல்லும் பழக்கத்தை, பெஞ்சமின் பிராட் போன்ற வரலாற்றாசிரியர்கள் 1980களில் கேள்விக்கு உட்படுத்தினார்கள். ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் பேரம் பேசி அமைந்த ஏற்பாடுகளைப் பிற்காலத்தார் ஒரே முறையாகத் தொகுத்துக்கொண்டார்கள் என்பது அவர்கள் வாதம்.

எனக்கு அந்த வாதம் சரியென்றே படுகிறது. காரணம் தூத்துக்குடி. இங்கே எந்தச் சுல்தானும் சாசனம் எழுதவில்லை. எந்தச் சட்டநூலும் சிறுபான்மையினரின் உரிமையை வகுக்கவில்லை. ஆனாலும் கிட்டத்தட்ட அதே தன்னாட்சி இங்கே இருந்தது. அரசர்களின் பெருந்தன்மையால் அது வந்தது என்று பெருமைப்படுவதும், அந்த அரசர்கள் வேற்று மதத்தவர் என்பதால் அப்படி ஒன்று இருந்திருக்க முடியாது என்று மறுப்பதும் ஒரே தவறின் இரு பக்கங்கள். அந்தத் தன்னாட்சிக்கு ஒரு விலை இருந்தது. அந்த விலை கடலுக்கு அடியில் கிடந்தது.

முத்துக்குளிப்பை அருகில் போய்ப் பார்த்தால் இது விளங்கும். குளிப்பவர் காலடியில் ஒரு கல்; கயிற்றில் கட்டியது, பதினைந்து இருபது கிலோ எடை. கயிற்றின் வளையத்தில் கால் வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் கல்லோடு பாருக்கு இறங்குவார். சிப்பிகள் படிந்து கிடக்கும் கடலடிப் பாறைக்குப் பார் என்று பெயர். தொலாயிரம் பார் போன்ற பெயர்கள் இன்றும் மீனவர் வாயில் புழங்குகின்றன. மூச்சு நிற்கும் ஒரு நிமிடத்துக்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையில் அள்ளிப்போட்டு, கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுப்பார். கயிறு பிடிப்பது மைத்துனராக இருக்க வேண்டும், தங்கை தாலி அவர் கையில் இருக்கிறது என்ற நினைப்பு அவருக்கு வேண்டும் என்று கரையில் சொல்வார்கள். இந்த வேலையைச் சிப்பாயை வைத்துச் செய்ய முடியாது. சவுக்கால் அடித்தும் வாங்க முடியாது. எந்தப் பாரில் சிப்பி முதிர்ந்திருக்கிறது, எப்போது கடல் தெளியும், எந்த நீரோட்டத்தில் இறங்கக் கூடாது என்பதெல்லாம் தலைமுறை அறிவு. அரசனுக்குக் கப்பல் இருந்தது, பீரங்கி இருந்தது. மூச்சடக்கத் தெரிந்த ஆள் இல்லை.

அதனால் அரசர்கள் பங்கு வைத்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ எழுதியபடி, சலாபத்தில் கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. சுறாக்களை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. டச்சுக்காரர் காலத்தில் கணக்கு கல்லின் பேரில் நடந்தது. ஒரு கல் என்றால் ஒரு குளிப்பு உரிமை, அதற்கு வரி. வரியில்லாக் கற்கள் நாயக்கருக்கும், சேதுபதிக்கும், பட்டங்கட்டிகளுக்கும், முஸ்லிம் தலைவர்களுக்கும் தனித்தனியே ஒதுக்கப்பட்டன. நாயக்கரின் கற்களுக்குள்ளேயே கிறிஸ்தவர்களுக்கு இத்தனை, முஸ்லிம்களுக்கு இத்தனை, இந்துக்களுக்கு இத்தனை என்று பிரிவு இருந்தது. மூன்று மதத்தாரையும் ஒரே கடலில், ஒரே பருவத்தில், சண்டை மூளாமல் இறக்குவதற்கு அன்று கண்ட வழி அது.

சுறா கட்டுபவரைப் பற்றி ஒரு வார்த்தை. கடல்கட்டி என்று அழைக்கப்பட்ட அந்த ஆள் கரையில் நின்று மந்திரம் ஓதாமல் யாரும் கடலில் இறங்க மாட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலங்கைச் சலாபத்தைப் பற்றி எழுதிய எமர்சன் டென்னன்ட், அந்தப் பரம்பரையின் அப்போதைய தலைவர் ரோமன் கத்தோலிக்கர் என்று வியப்போடு குறித்திருக்கிறார். இறங்கப்போகும் முஸ்லிமும் இந்துவும் கத்தோலிக்கரும் அவர் வாயிலிருந்து வரும் சொல்லுக்காகத்தான் காத்திருந்தார்கள். அதில் வியக்க ஒன்றுமில்லை என்பது இந்தக் கரைக்காரர்களுக்குத் தெரியும்.

முத்துக்கு மட்டுமல்ல, இங்கே குதிரைக்கும் இதே பேரம் நடந்திருக்கிறது. பாண்டியரின் காயல் துறைமுகத்துக்கு அரபு வணிகர்கள் ஆண்டுதோறும் குதிரைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கிஷ் தீவின் அதிபதி ஜமாலுத்தீன் அனுப்பிய குதிரைகளைப் பற்றிப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனிடம் பெரும் பொறுப்பு வகித்தார். காயல் முதலான துறைமுகங்கள் அவர் பார்வையில் இருந்தன. சைவ வைணவக் கோயில்களுக்கு வாரி வழங்கிய ஓர் அரசன், தன் துறைமுகத்தை ஒரு முஸ்லிமிடம் ஒப்படைத்தான். அவனுக்குக் குதிரைப் படை வேண்டியிருந்தது. இன்றைய காயல்பட்டினத்துப் பள்ளிவாசல்களின் பழமைக்குப் பின்னால் அந்த வணிகமும் இருக்கிறது.

1530களில் பரதவர்கள் மதம் மாறியதும் இந்தப் பேரத்தின் ஓர் அத்தியாயமே. முத்துச் சலாபத்தின் குத்தகையும் கடல் வலிமையும் முஸ்லிம் வணிகர்கள் கையில் வலுத்திருந்த நேரம். பரதவருக்கும் அவர்களுக்கும் இரத்தம் சிந்தும் சண்டை. ஜோவா டா குரூஸ் என்ற கிறிஸ்தவராகிய குதிரை வணிகர் சொன்ன யோசனைப்படி, பட்டங்கட்டிகள் 1535இல் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். அதற்கு ஈடாக ஞானஸ்நானம். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். 1538இல் வேதாளையில் போர்ச்சுகீசியக் கப்பல்கள் வென்ற பிறகு சலாபத்தின் அதிகாரம் கைமாறியது. பிரான்சிஸ் சவேரியார் மணப்பாட்டில் கால் வைத்தது 1542இல். அதற்குள் முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. நம்பிக்கையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த முடிவைப் பட்டங்கட்டிகள் சபையாகக் கூடி எடுத்தார்கள், ஊரே அதற்குக் கட்டுப்பட்டது என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன். மதம் மாறும் முன்பே தன்னாட்சி இருந்தது. மாறிய பிறகு அதற்குச் சிலுவையும் விருதுக்கொடியும் சேர்ந்தன.

டச்சுக்காரர்கள் வந்தபோதுதான் இந்தச் சபையின் பலம் தெரிந்தது. கத்தோலிக்கக் குருக்களை விரட்டினார்கள், கோயில்களைக் கிட்டங்கிகளாக்கினார்கள். பிலிப்பஸ் பால்தேயுஸ் என்ற அவர்களுடைய போதகர் தூத்துக்குடியில் பிரசங்கம் செய்ய முயன்று, கேட்க ஆளில்லாமல் போனதை அவரே எழுதிவைத்திருக்கிறார். மக்கள் ஊருக்கு வெளியே போய்த் தங்கள் குருவிடம் பூசை கண்டார்கள். வேறொரு சமூகமாக இருந்தால் அடியும் அபராதமும் விழுந்திருக்கும். இவர்கள் முத்துக்குளிப்பவர்கள், இவர்கள் படகு எடுத்துக்கொண்டு வேறு கரைக்குப் போய்விட்டால் சலாபம் இல்லை. டச்சுக்காரர்கள் பிடியைத் தளர்த்தினார்கள். 1713இல் பனிமய மாதாவுக்குத் தூத்துக்குடியில் புதுக் கோயில் எழும்பியது, டச்சுக் கோட்டையின் நிழலிலேயே.

இனி நவாப். 1736இல் சந்தா சாகிபு திருச்சிராப்பள்ளியை மீனாட்சி அரசியிடமிருந்து பிடித்தபோது மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்தது. அதன் பிறகு திருநெல்வேலிச் சீமை ஆற்காட்டு நவாபின் கணக்கில் வந்தது. பெயரளவில் ஆற்காட்டு நவாப் தக்காணத்து நிஜாமுக்கும், நிஜாம் டெல்லியில் இருந்த முகலாயப் பேரரசருக்கும் கீழ்ப்பட்டவர்கள். ஆக, பனிமய மாதாவின் கோயில் இருந்த தெரு, ஏட்டளவில், முகலாயப் பேரரசின் தென்கோடித் தெரு. நாயக்கருக்கு முத்துச் சலாபத்தில் இருந்த உரிமை தனக்கு வந்து சேர்ந்ததென்று நவாப் முகம்மது அலி கோரினார், டச்சுக்காரர் மறுத்தார்கள், ஆங்கிலேயர் நடுவில் புகுந்தார்கள். பல ஆண்டுகள் நீண்ட இந்த வழக்கில் யாருக்கு எத்தனை பங்கு என்பதுதான் கேள்வி. பரதவர் யாரைக் கும்பிட வேண்டும் என்று எந்தத் தரப்பும் கேட்கவில்லை. ஜாதித் தலைவரின் இடத்தில் வேறொருவரை உட்காரவைக்க நவாபுக்கு எந்தத் தேவையும் இல்லை. கடனில் மூழ்கியிருந்த அவருக்கு வேண்டியது பணம்.

பெரிய பேரரசுகளிலும் இதுதான் கதை என்பதற்கு நம் சென்னையிலேயே ஒரு சாட்சி உண்டு. பாரசீகத்தை ஆண்ட ஸஃபாவித் மன்னர் முதலாம் ஷா அப்பாஸ், 1604-05இல் அராஸ் ஆற்றங்கரை ஜுல்ஃபா நகரத்து ஆர்மேனியக் கிறிஸ்தவர்களை ஊரோடு பெயர்த்து, தன் தலைநகர் இஸ்ஃபஹானுக்கு அருகே குடியேற்றினார். வழியில் பலர் மாண்டார்கள். போய்ச் சேர்ந்தவர்களுக்குப் புது ஜுல்ஃபா என்ற தனி நகரம், ஆர்மேனியரிலிருந்தே ஒரு கலந்தர், அதாவது நகரத் தலைவர், தங்கள் தேவாலயங்கள், தங்கள் வழக்குகளைத் தாங்களே தீர்த்துக்கொள்ளும் உரிமை. முஸ்லிம்கள் அங்கே குடியிருக்கக்கூட அனுமதி இல்லை. ஷா அப்பாஸுக்கு அவர்களிடம் தேவைப்பட்டது பட்டு வணிகம்: ஐரோப்பா வரை கை நீண்ட அவர்களுடைய தரகும் நாணயமும். பட்டு செழித்த வரை புது ஜுல்ஃபா செழித்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆஃப்கானியரின் படையெடுப்பும், பின் நாதிர் ஷாவின் வரிக்கொடுமையும் வந்தபோது, அந்தத் தன்னாட்சி அவர்களை ஒரு நாள்கூடக் காக்கவில்லை. ஓடிவந்தவர்களில் பலர் சென்னைக்கு வந்தார்கள். முன்பே இங்கே வணிகம் செய்த கோஜா பெட்ருஸ் உஸ்கான் 1726இல் அடையாற்றின் மேல் சைதாப்பேட்டையில் பாலம் கட்டியவர். ஆர்மேனியன் தெருக் கோயில் அந்தச் சமூகத்துடையது. புது ஜுல்ஃபாவில் பிறந்து சென்னையில் வாழ்ந்த ஷஹாமிர் ஷஹாமிரியான் குடும்பம், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிருந்தே ஒரு நூலை அச்சிட்டது. எதிர்கால ஆர்மேனியாவுக்கு எழுதிய அரசியல் சட்டம் அது. மக்கள் தேர்ந்தெடுக்கும் அவை, சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஆட்சி என்று பேசும் நூல். மன்னரின் தயவில் கிடைத்த நகரத் தன்னாட்சியை அனுபவித்து, அது கலைந்ததையும் பார்த்த ஒரு வம்சம், அடுத்து தயவைக் கேட்கவில்லை, சட்டத்தைக் கேட்டது. சென்னை ஆர்மேனியர்களின் கதையில் என்னை மிகவும் அசைப்பது இந்த இடம்.

பரதவர்களும் ஒரு முறை வேறு வழி தேடிப் பார்த்தார்கள். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாயக்கரின் அதிகாரிகள் கொடுத்த நெருக்கடி தாங்காமல், இயேசு சபையாரின் முன்முயற்சியில் தூத்துக்குடிக்கு எதிரே உள்ள முயல் தீவில் குடியேறினார்கள். எந்த அரசனும் கை வைக்க முடியாத தனி ஊர் என்ற எண்ணம். சில ஆண்டுகளிலேயே கரைக்குத் திரும்பிவிட்டார்கள். குருக்களின் நேரடிப் பிடியில் இருக்கப் பட்டங்கட்டிகளுக்குப் பிடிக்கவில்லை என்பதும் ஒரு காரணம். ஜாதித் தலைமைக்கும் குருக்களுக்கும் இடையே அன்று தொடங்கிய இழுபறி, கோவா மேற்றிராணியாரின் அதிகாரமா ரோமின் நேரடி அதிகாரமா என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சண்டை வரை நீண்டு, நீதிமன்றப் படியும் ஏறியது.

இதுவரை சொன்னது சமூகத்துக்கும் அரசுக்கும் நடந்த பேரம். சமூகத்துக்கு உள்ளே போனால் கதை மாறுகிறது.

சவேரியார் 1544இல் தன் துணைவர் மன்சில்லாசுக்கு எழுதிய கடிதங்களில் ஓர் உத்தரவு வருகிறது. சாராயம் குடிக்கும் பெண்களுக்கு ஆளுக்கு ஒரு பணம் தண்டம், மூன்று நாள் காவல். புன்னைக்காயலில் சாராயம் குடிக்கப்பட்டால் பட்டங்கட்டிகளே பொறுப்பு என்று அவர்களிடம் சொல்லும்படியும் எழுதியிருக்கிறார். அதே கடிதங்களில்தான் போர்ச்சுகீசியக் கேப்டனின் பேராசையை அவர் கடுமையாகச் சாடுகிறார், வடுகர் படையிடமிருந்து தப்பிய மக்களுக்குத் தண்ணீரும் சோறும் போய்ச் சேர்ந்ததா என்று தவிக்கிறார். மனம் கசிந்த மனிதர்தான். ஆனால் அந்தக் காவல் அறையில் மூன்று நாள் கிடந்த பெண்ணுக்கு முறையிட ஓர் இடம் இல்லை. தண்டம் போட்டவர், தீர்ப்புச் சொன்னவர், ஊர்த் தலைவர் எல்லாம் ஒரே தரப்பு.

குளிப்பவரின் நிலையும் அப்படித்தான். ஆங்கிலேயர் நடத்திய பிற்காலச் சலாபங்களில் சிப்பிகளைக் கரைக்குக் கொண்டுவந்து, கோட்டு எனப்படும் அடைப்புக்குள் மூன்று குவியலாகக் கொட்டுவார்கள். இரண்டு குவியல் சர்க்காருக்கு, ஒன்று குளிப்பவர்களுக்கு. அந்த ஒரு குவியலைப் படகில் வந்த குளிப்பவர்களும் மற்றவர்களும் பிரித்துக்கொள்ள வேண்டும். ஜாதித் தலைவருக்கு அவருக்குரிய பங்கு தனியாகப் போய்விடும். சமூகத்துக்குள் மேசைக்காரர் என்ற செல்வர் கூட்டம், கடலில் இறங்கி உழைப்பவர்களை எட்டி நிறுத்தியது. பனிமய மாதாவின் தங்கத் தேர் 1806இல், ஜாதித் தலைவர் கபிரியேல் தக்குரூஸ் காலத்தில், முதன்முதலாக ஓடியது. அந்தத் தேரைப் பார்த்துக் கண்ணீர் விடுபவர்களில் நானும் ஒருவன். அந்த அழகின் முன் நிற்கும்போது வேறெதுவும் நினைக்கத் தோன்றாது. ஆனால் அதன் பொன்னுக்குப் பின்னால் எத்தனை மூச்சு இருக்கிறது என்று கணக்கெடுக்க அந்தத் தன்னாட்சியில் யாருக்கும் உரிமை இல்லை. ஏழு துறைகளையும் ஆண்ட சபையில் குளிப்பவருக்கு நாற்காலி கிடையாது. பெண்ணுக்குத் திண்ணைகூடக் கிடையாது.

உஸ்மானிய நாட்டிலும் இதுவே நடந்தது. தலைமைக் குரு பதவிக்கு அரண்மனைக்குக் கட்ட வேண்டிய காணிக்கை பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஏறிக்கொண்டே போனது. பதவிக்கு வந்தவர் அதை விசுவாசிகளிடம்தான் வசூலித்தார். கிறிஸ்தவப் பெண்களும் யூதப் பெண்களும் வாரிசுரிமைக்காகவும் மணமுறிவுக்காகவும் தங்கள் சபையின் மன்றத்தைத் தாண்டி, முஸ்லிம் காழியிடம் போய் நின்ற வழக்குகள் பழைய நீதிமன்ற ஏடுகளில் ஏராளம். தங்கள் மதத்தின் மன்றத்தில் கிடைக்காத நியாயம் ஆள்பவர் மதத்தின் மன்றத்தில் கிடைக்கும் என்றால், ஒரு தாய் அங்கேதான் போவாள். 1863இல் இஸ்தான்புல் ஆர்மேனியர்களுக்கு ஓர் உள்சட்டம் ஏற்கப்பட்டு, குருவின் அதிகாரம் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அவைக்குக் கட்டுப்பட்டது. அதைக் கேட்டுப் போராடியவர்கள் அந்தச் சமூகத்தின் கைவினைஞர்களும் படித்த இளைஞர்களும்.

தூத்துக்குடியில் ஜாதித் தலைவரின் அதிகாரத்தை எந்த அரசாணையும் ஒழிக்கவில்லை. முத்து கைவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இடைவெளி விட்டு நடந்த சலாபங்களில் சில ஏமாற்றத்தில் முடிந்தன. ஆண்டுக்கணக்கில் பார்கள் வெறுமையாகக் கிடந்தன. அரசுக்குக் குளிப்பவர் தேவைப்படாதபோது, குளிப்பவரைத் திரட்டித் தருபவரும் தேவைப்படவில்லை. அதற்குள் பஞ்சாலையும் ரயிலும் துறைமுகமும் வந்து, செல்வம் வேறு பக்கம் ஓடத் தொடங்கியது. 1923இல் தூத்துக்குடி தனி மறைமாவட்டமானது. இயேசு சபையைச் சேர்ந்த திபூர்சியஸ் ரோச் ஆயரானார். பரதவ சமூகத்திலிருந்து வந்த அவர், நவீன காலத்தில் லத்தீன் வழிபாட்டு முறையில் ஆயரான முதல் இந்தியர். ஜாதித் தலைவரின் இடத்தை ஒரு பக்கம் ஆயர் எடுத்துக்கொண்டார். இன்னொரு பக்கம் நகராட்சி எடுத்துக்கொண்டது. அதே சமூகத்தின் குரூஸ் பர்னாந்து நகராட்சித் தலைவராக இருந்து, 1920களில் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார். அந்தத் தண்ணீர் மேசைக்காரர் வீட்டுக்கும் வந்தது, உப்பளத் தொழிலாளி தெருவுக்கும் வந்தது, பள்ளிவாசல் தெருவுக்கும் வந்தது. அவர் பிறந்த சாதியைச் சொல்லி அவரை நினைப்பவர்களைவிட, குழாயைத் திறந்து நினைத்தவர்கள் அதிகம். கடைசிச் சலாபம் 1961இல் நடந்து முடிந்தது. அதன் பிறகு முத்துக்காக இந்தக் கரையில் அரசு யாரையும் கடலில் இறக்கவில்லை.

இன்று நம் அரசியல் சட்டம் தரும் பாதுகாப்பு முத்துக்காகத் தந்தது அன்று. 25ஆம் பிரிவு தனி மனிதருக்கு மனச்சாட்சிச் சுதந்திரம் தருகிறது. 26ஆம் பிரிவு மதப் பிரிவினருக்குத் தங்கள் மத விவகாரங்களைத் தாங்களே நடத்தும் உரிமை தருகிறது. 29, 30ஆம் பிரிவுகள் சிறுபான்மையினரின் பண்பாட்டையும் கல்வி நிறுவனங்களையும் காக்கின்றன. எந்தச் சமூகத்தால் நாட்டுக்கு எவ்வளவு வருமானம் என்ற கேள்வியே அங்கு எழவில்லை. இந்த வேறுபாட்டை நாம் போதுமான அளவு மதிக்கவில்லை என்று நினைக்கிறேன். சிறுபான்மையினர் அமைதியாக இருந்தால், பயன்பட்டால், நன்றியோடு நடந்தால் அவர்களுக்கு இடம் உண்டு என்று மேடைகளில் பேசுகிறவர்கள், நாயக்கரும் நவாபும் போட்ட பழைய பேரத்துக்கே நம்மைத் திருப்பி அழைக்கிறார்கள். அவர்களிடம் இடம் கேட்டு நிற்க இங்கே யாருக்கும் தேவையில்லை.

இதைச் சொல்லும் அதே மூச்சில் உள்ளே இருக்கும் அநியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். தாவூதி போரா சமூகத்தின் தலைவருக்குத் தன் உறுப்பினரை விலக்கிவைக்கும் அதிகாரம் உண்டு, அது 26ஆம் பிரிவின் பாதுகாப்புக்கு உட்பட்டது என்று 1962இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விலக்குவதைத் தடைசெய்த 1949ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டம் அதனால் செல்லாமல் போனது. அந்தத் தீர்ப்பை மறுபடி பார்க்க வேண்டும் என்ற வழக்கு 2023இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. கிறிஸ்தவப் பெண்கள் மணமுறிவு கேட்டால், கணவனின் பிறன்மனை உறவோடு கொடுமை போன்ற இன்னொரு குற்றத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும் என்றது 1869ஆம் ஆண்டுச் சட்டம். கணவனுக்கு மனைவியின் பிறன்மனை உறவு ஒன்றே போதும். இந்த வேறுபாடு திருத்தப்பட்டது 2001இல். சமூகம் ஒருமனதாகக் கேட்கட்டும் என்று காத்திருந்த காலத்தில் எத்தனை பெண்களின் வாழ்க்கை கழிந்தது! சமூகம் என்று அங்கே பேசியவர்கள் யார் என்பதுதான் என் கேள்வி. புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் முன்னின்று பெண்கள் ஜமாஅத்தைத் தொடங்கியபோது, ஆண்கள் மட்டும் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன ஜமாஅத்துகளிலிருந்து வந்த எதிர்ப்பு, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது. அந்தப் பெண்கள் மதத்தை விட்டு வெளியே போகவில்லை. தங்கள் மதத்துக்குள்ளேயே தங்களுக்கும் பாய் விரிக்கச் சொன்னார்கள்.

நம் கடலோரத்தில் ஊர்க் கமிட்டிகள் இன்றும் இருக்கின்றன. வலைச் சண்டை, எந்தத் தொழில்முறை எந்த நேரத்தில் என்ற கட்டுப்பாடு, புயல் நேரத்து உதவி போன்றவற்றில் போலீஸும் வட்டாட்சியரும் செய்ய முடியாததை இந்தக் கமிட்டிகள் செய்கின்றன. இவற்றை ஒழித்துவிட்டு எல்லாவற்றையும் அரசு அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மீன்வளத்தைத் தாங்களே காத்துக்கொள்ளத் தெரிந்த ஊர்கள் இவை. ஆனால் காதல் திருமணத்துக்காகவோ, கமிட்டியின் கணக்கைக் கேட்டதற்காகவோ ஒரு குடும்பத்தை ஊர்விலக்கம் செய்து, கடையில் சாமான் கொடுக்காமல், படகில் ஏற்றாமல், சாவுக்கு ஆள் வராமல் வாட்டும் கொடுமையும் நடக்கிறது. கடலோரம் மட்டுமில்லை, உள்நாட்டுச் சாதி ஊர்களிலும் இது உண்டு.

மகாராஷ்டிரம் 2016இல் சமூகப் புறக்கணிப்புக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றியது. ஊர்விலக்கம் அங்கே தண்டனைக்குரிய குற்றம். தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் அப்படி ஒரு சட்டத்தை எடுக்க வேண்டும். எல்லா மதத்துக்கும் எல்லாச் சாதிக்கும் பொதுவாக அது இருக்க வேண்டும். ஒரு சமூகத்தை மட்டும் குறிவைத்து வந்தால் அதன் நோக்கமே கெட்டுவிடும். வழிபாடு, திருவிழா, கோயில் நிர்வாகம் ஆகியவற்றில் சமூகத்தின் உரிமையை அது தொடக் கூடாது. ஒரு மனிதரின் தொழில், உணவு, உறவு, இறுதிச் சடங்கு ஆகியவற்றை முடக்கும் அதிகாரம் எந்தத் தலைவருக்கும் எந்தக் கமிட்டிக்கும் கிடையாது என்று சொன்னால் போதும். அதோடு ஊர்க் கமிட்டிகளும் ஜமாஅத்துகளும் தங்கள் வரவுசெலவை ஊரார் பார்வைக்கு வைக்கவும், மீன் விற்று வீடு நடத்தும் பெண்களைக் கமிட்டியில் உறுப்பினராக்கவும் சமூகங்களே முன்வரலாம். அதற்கு எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கமிட்டித் தேர்தலிலேயே செய்யலாம்.